அது கொட்டாவி இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, விவேக் நகர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, உன் மீன் வாயைத் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். ஆள் உயர ஃப்ளெக்ஸ். அப்போதுதான் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புது மையின் வாடை இன்னும் போகவில்லை. மேலே கன்னடத்தில் பெரிதாகவும் கீழே ஆங்கிலத்தில் சிறிதாகவும் உன் பெயர். முதலாம் ஆண்டு நினைவு, வீட்டுத் தொட்டிக் கடல்மீன்களின் புகைப்படக் கண்காட்சி, மாலைப் பூசைக்குப் பிறகு மாதா கோயில் மண்டபத்தில். நடுவில் உன் தவளைமீன், தொண்டை வரை தெரிகிற மாதிரி. அதன் அடியில் 'கொட்டாவி' என்று ஒரு தலைப்பு. அதற்கும் அடியில், 'படம்' என்று போட்டு மறுபடி உன் பெயர்.

நீ அந்தப் படத்தை எடுக்கவில்லை. அது எடுக்கப்பட்ட நேரத்தில் நீ அந்தத் தொட்டிக்கு முன்னால் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாய்.

ஒரே பத்திரிகையில் நான் எழுதினேன், நீ படம் எடுத்தாய். நாம் சேர்ந்து போகாத தீவிபத்து இல்லை, தேர்தல் கூட்டம் இல்லை. எனவே இதையும் ஒரு செய்தியைச் சொல்வதுபோலவே உனக்குச் சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் என்னால் முடிக்க முடியும். இல்லையென்றால் திட்டத் தொடங்கிவிடுவேன். எப்படியும் திட்டத்தான் போகிறேன்.

அந்த மீனை முதலில் பார்த்தபோது அதை மீன் என்றே நான் நம்பவில்லை. கையளவு மஞ்சள் கட்டி. பாறையில் ஒட்டிக் கிடந்தது. "பஞ்சு வாங்கி வச்சிருக்கியா?" என்று கேட்டேன். "சும்னே குந்துடா, பாரு," என்றாய். சற்று நேரம் கழித்து அந்தப் பஞ்சு துடுப்புகளைக் கைகள்போல ஊன்றி ஓரடி நடந்தது. நெற்றியிலிருந்து மயிர்போல் ஒரு தூண்டில் நீண்டது. அதன் நுனியில் புழு மாதிரி ஒரு சதைத் துணுக்கு. அதை ஆட்டி ஆட்டி ஓர் இறாலை அருகில் வரவழைத்தது. அடுத்து இறாலைக் காணவில்லை. நீ சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாய். "நம்ம சீஃப் எடிட்டர் மாதிரியே இல்ல?"

ஊர் முழுக்க வண்ண மீன் வளர்க்கும்போது நீ இப்படிப்பட்டதுகளைத்தான் தேடினாய். முள் முளைத்தது, இலைபோல் அசைவது, பாதி முகம் இல்லாதது. கடல் இருக்கும் திசைகூடத் தெரியாத, குழாய்த் தண்ணீரே ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற ஊரில், பக்கெட்டில் உப்பைக் கரைத்துக் கடல் தயாரித்தாய். அதைப் பற்றி நாம் போட்ட சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். மண்டபம் என்கிற அந்தக் கடற்கரை ஊரிலிருந்து பையில் கட்டி அனுப்பும் மீன்களில் எத்தனை இங்கே உயிரோடு வந்து சேர்கின்றன என்று கேட்டேன். "நீ கோழி தின்றதில்லையா?" என்றாய். கோழியை நான் ஹாலில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றேன். நீ அடுத்த பக்கெட்டில் உப்பைக் கரைக்கத் தொடங்கினாய்.

ஆனால் நீ படம் எடுக்கும் முறையில் எனக்குக் குறை இருந்ததில்லை. லைட்டை மீனின் கண்ணில் அடிக்க மாட்டாய். தொட்டிக்கு முன்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அதில் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டு, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாய். "மீனு ஒன்ன மறக்கணும். அதுக்கப்புறம்தான் எடுக்கணும்" என்பாய். பயந்த மீன் படத்தில் இன்னும் பளபளவென்று இருக்கும், அதுதான் பிரச்சினை என்பாய். அந்தத் தவளைமீன் வாய் திறந்ததை ஒரு முறை பார்த்துவிட்டு நான் கத்தியபோதும் நீ கேமராவைத் தொடவில்லை.

"கொட்டாவி வேற, மூச்சு வேறடா. கொட்டாவின்னா ஒரு வாட்டி தொறந்து மூடிட்டு அது பாட்டுக்கு குந்திக்கும். மூச்சு கிடைக்கலன்னா தொறந்து தொறந்து மூடும். படத்துல ரெண்டும் ஒண்ணுதான். போட்டோகிராபி பண்ற மோசடியே அதான்."

இதை நீ என்னிடம் சொன்னாய். வேறு யாரிடம் சொன்னாய்? இந்த மடல் முழுவதும் அதைத்தான் கேட்கப்போகிறேன்.

நீ போன அன்று உன் மகளுக்குக் கனடாவிலிருந்து உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. அவள் வந்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஐஸ் பெட்டி வரவழைத்தார்கள். மூன்றாம் நாள் அவளை அழைத்துவர தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போனவன் நான். வீட்டுக்குள் நுழைந்தோம். ஹாலில் நீ, உன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி, உனக்குப் பின்னால் தொட்டி, இருட்டாக.

அந்தத் தொட்டியை விளக்கில்லாமல் நான் பார்த்ததே இல்லை. அதைச் சுற்றி உன் மீன் வளர்ப்பு குரூப் இளைஞர்கள் நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். ஜெபம் செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கைகளில் போன்கள். டார்ச்சை அடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். "கொட்டாவி விடுது பாரு! எட்றா எட்றா!" என்று ஒருவன் தணிந்த குரலில் சொன்னான். சாவு வீடு என்பதால் தணிந்த குரல். அந்த அளவுக்கு மரியாதை இருந்தது.

மீன் பாறையின் உச்சிக்கு, தண்ணீரின் மேல்மட்டத்துக்கு ஏறியிருந்தது. வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது.

உன் மச்சினன் சேவியர், ஸ்டெல்லாவின் தம்பி, வாசலில் நின்று வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

"சேவியர், தொட்டிக்குப் போற கரன்ட் எங்க?"

"அத கழட்டித்தான் சார் பெட்டிக்கு குடுத்திருக்கு. ஹால்ல பவர் பாயின்ட் ஒண்ணுதானே."

"எப்போ கழட்டினது?"

"முந்தாநேத்து, பெட்டி வந்த ஒடனே."

"மீன் செத்துடும்பா."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு உன்னைப் பார்த்தான். "சார், மாமா செத்துக் கெடக்கறாரு. நீங்க மீனப் பத்திப் பேசறீங்க."

மின்சாரம் போகும் நேரத்துக்காக நீ வாங்கிய பேட்டரி பம்ப் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியில் இருந்தது. எனக்குத் தெரியும், நீ காட்டியிருக்கிறாய். அந்த அலமாரியின் கதவை ஒட்டி ஐஸ் பெட்டியைப் போட்டிருந்தார்கள். கதவைத் திறக்க வேண்டுமென்றால் உன்னை நகர்த்த வேண்டும். "பெட்டிய கொஞ்சம் தள்ளினா போதும்," என்றேன். "சார்!" என்றான் சேவியர், இந்த முறை சத்தமாக. அதற்குள் சாமியார் வந்துவிட்டார், ஜெபம் தொடங்கிவிட்டது, உன் மகள் உன் முகத்துக்கு மேலிருந்த கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழத் தொடங்கிவிட்டாள். அந்த அழுகைக்கு நடுவில் எந்த மனிதன் மீனைப் பற்றிப் பேசுவான்?

உன்னைத் தூக்கிய பிறகு கதவைத் திறந்தேன். பம்ப் வேலை செய்தது. மீன் செய்யவில்லை.

ஃப்ளெக்ஸைப் பார்த்த உடனே, பஸ் நிறுத்தத்திலிருந்தே கார்த்திக்குக்கு போன் செய்தேன். உன் குரூப்பை இப்போது நடத்துகிறவன் அவன்தான். ஈரோட்டுப் பையன், மென்பொருள் கம்பெனியில் மேனேஜர், உன்னை அண்ணன் என்று கூப்பிட்டவன். இதையும் எழுதிவிடுகிறேன்: அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"அந்தப் படம் யார் எடுத்தது கார்த்திக்?"

"நான் எடுத்ததுங்க சார். அன்னைக்கே குரூப்ல அண்ணனுக்கு டெடிகேட் பண்ணிப் போட்டேன். ஜனங்க அண்ணன் எடுத்ததுன்னு நெனச்சு ஷேர் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. எங்கெங்கயோ போயிருச்சுங்க சார். நடுவுல பூந்து 'இல்ல, நாந்தான்'னு சொன்னா, பேருக்கு அலையறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"அதனால அவர் பேரையே போட்டுட்டீங்க."

"விட்டுக்குடுத்துட்டேங்க சார்."

விட்டுக்கொடுத்தானாம். வேறு யாராவது சொல்லி நான் கேட்டிருந்தால் மிகைப்படுத்துகிறார்கள் என்று வெட்டியிருப்பேன்.

"அந்த மீன் அப்போ மூச்சுத் திணறிட்டிருந்தது, தெரியுமா?"

"சார், நீங்க மீன் வளக்கறதில்ல இல்லீங்களா? தவளைமீன் கொட்டாவி விடுமுங்க. அண்ணனே எனக்குச் சொல்லியிருக்கார். அதுவும் பின்னாடி அந்த கோல்டன் லைட்டப் பாருங்க, என்ன ஒரு ஃபீலிங் சார் அது!"

ஃபீலிங். எனக்கு ஒக்கலிபுரத்தில் சுவர் இடிந்து விழுந்த நாள் நினைவுக்கு வந்தது. தன் பிள்ளையை வெளியே எடுத்தபோது அந்தத் தாய் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. உன் கேமரா முகத்துக்கு நேரே இருந்தது. நீ அதைக் கீழே இறக்கினாய். அடுத்த நாள் வேறு பத்திரிகையில் அந்த வாய் முதல் பக்கத்தில் வந்தது. சீஃப் உன்னைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கத்தினார். நீ டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அந்தம்மா மூச்சு விடப் பாக்குதுடா, அத எப்டி எடுக்கிறது?" அப்படிப்பட்டவனின் பெயரைத்தான் அந்தப் படத்தின் கீழே போட்டிருக்கிறார்கள். இனி அந்தப் படத்தையே சின்னமாக வைத்து ஆண்டுதோறும் உன் பெயரில் பரிசு வேறு தரப்போவதாக ஃப்ளெக்ஸின் ஓரத்தில் இருந்தது.

"எடுத்துடறேங்க சார்," என்றான் கார்த்திக் கடைசியில். "ஆனா ஆன்ட்டிகிட்ட நீங்களே காரணத்தச் சொல்லிருங்க. அவங்க வீட்டு ஹால்ல மாட்ட ஒரு பிரேம் கேட்டிருக்காங்க. சாயந்திரம் ஸ்டேஜ்ல வச்சுக் குடுக்கறதா இருக்கோம்."

உன் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால், உன் மனைவியிடம் போய் 'உங்கள் ஆட்கள் பிளக்கைப் பிடுங்கினார்கள், அதனால் மீன் செத்தது, அது சாகும்போது எடுத்த படத்தைத்தான் ஹாலில் மாட்டப்போகிறீர்கள்' என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அவள் சுவரில் காலமெல்லாம் திறந்த வாயோடு தொங்கும், உன் பெயரோடு. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று என்னிடம் தள்ளிவிட்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்று உன்னை என்னென்ன வார்த்தையில் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. பக்கத்தில் நின்ற அம்மாள் நகர்ந்து போய்விட்டாள்.

மதியம் உன் வீட்டுக்குப் போனேன். தொட்டி அதே இடத்தில் இருக்கிறது, வறண்டு. அதற்குள் வெங்காயமும் பூண்டும். ஸ்டெல்லா மட்டன் வேக வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. சாப்ட்டுட்டு ஒண்ணாவே கோயிலுக்குப் போலாம்."

உட்கார்ந்தேன். வழக்கமாகச் செய்வதுபோலவே, யார், எங்கே, எப்போது என்ற வரிசையில் சொன்னேன். எடுத்தவன் கார்த்திக். எடுத்தது இந்த ஹாலில். நாள், உன்னை வைத்திருந்த நாள். அவள் நம்பவில்லை. "அவரு முன்னாடியே எடுத்ததுன்னு இல்ல சொன்னாங்க?" என் போனில் படத்தை எடுத்து, பெரிதாக்கி, ஓரத்தைக் காட்டினேன். கார்த்திக் மெச்சிய அந்தப் பொன்னிற ஒளி.

"என்னாண்ணா இது, மஞ்சளா?"

"மெழுகுவர்த்தி. கண்ணாடியில தெரியுது."

"எந்த மெழுகுவர்த்தி?"

அவள் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு உன் தலைமாடு இருந்த இடத்தைப் பார்த்தாள். குக்கர் சத்தம் போட்டது; எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"பிளக்க நாந்தான் புடுங்கச் சொன்னேன்," என்றாள். "சேவியர் கேட்டான், 'அக்கா, இது மீனுது, கழட்டட்டா?'ன்னு. கழட்டுடான்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரியாம? கல்யாண நாள் அன்னிக்கி ஓட்டல்ல குந்தினு இருக்கும்போது, வீட்ல கரன்ட் போச்சுன்னு போன் வந்துச்சு. பாதி பிரியாணில எழுந்து ஓடினாரு உங்க ஃப்ரெண்டு. அவரு பொண்டாட்டிக்குத் தெரியாதா அது இன்னா பிளக்குன்னு? பொண்ணு வந்து அப்பா மூஞ்சியப் பாக்கணும். மூஞ்சியா மீனான்னா மூஞ்சிதான். இப்போ கேட்டாலும் அதான் சொல்லுவேன்."

அவள் அழவில்லை. எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பேட்டரி பம்ப் கீழே அலமாரியிலேயே இருந்தது என்று அப்போதுதான் சொன்னேன். பெட்டியை அங்கே போடுவதற்கு முன்னால் அதை எடுத்துப் போட்டிருந்தால் முகமும் இருந்திருக்கும், மீனும் இருந்திருக்கும்.

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். உன் மனைவி கத்தி நான் கேட்டது அன்றுதான்.

"கீழவா? இந்தக் கதவுக்குப் பின்னாலயா? அத உங்களுக்குச் சொன்னாரு. அந்தப் பையனுங்களுக்குக் கொட்டாவி சொன்னாரு. எனக்கு இன்னா சொன்னாரு தெரியுமாண்ணா? 'தொடாத'. இத்தன வருஷமா அது ஒண்ணுதான். துடைக்கப் போனா தொடாத. சாமான் வச்சா தொடாத. நான் என்னா, பாம்பு புத்துலயா குடித்தனம் பண்ணேன்?"

கேட்டாயா? இதுதான் உனக்கு நான் எடுத்து வந்திருக்கும் செய்தி. அதை மண்டபம் கடலிலிருந்து பிடித்து அனுப்பியவனைவிட, டார்ச்சை அடித்த பையன்களைவிட, மீனுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தையைக் கட்டி வைத்த நீதான் எனக்கு இந்தச் செய்தியில் முதல் ஆள். ஊருக்கெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினாய். எட்டு அடி தூரத்தில் சமையல் செய்துகொண்டிருந்தவளுக்கு விளக்க உனக்கு நேரமில்லை. அவள் உன் காலடியிலேயே நின்று அந்த மீனைக் காப்பாற்றியிருப்பாள்.

மாலை மண்டபத்தில் நல்ல கூட்டம். சுவர் முழுக்க மீன்கள். பாதிக்கு மேல் உண்மையிலேயே நீ எடுத்தவை, அழகாகவே இருந்தன. கார்த்திக் படத்தைக் கழற்றவில்லை. பிரேமுக்கு மாலைகூடப் போட்டு மேடையில் வைத்திருந்தான். ஆன்ட்டி சொன்னால் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தானாம். மைக்கில், "அண்ணனோட மாஸ்டர்பீஸ்…" என்று தொடங்கினான்.

ஸ்டெல்லா மேடை ஏறினாள். பிரேமிலிருந்து மாலையைக் கழற்றினாள். மைக்கை வாங்கவில்லை, ஆனாலும் கேட்டது.

"இது அவரு எடுத்தது இல்ல. அவர ஹால்ல பெட்டில வச்சிருந்தப்ப, இந்தப் புள்ளைங்க எடுத்தது. இது கொட்டாவி இல்ல, மூச்சு. காத்த நிறுத்துனது நான். அவரு பேர எடுங்க."

"அக்கா, கம்முனு எறங்கி வா," என்றான் கீழே இருந்து சேவியர். அவள் இறங்கவில்லை. கார்த்திக்கின் முகம் போன போக்கை நான் வர்ணிக்கப்போவதில்லை; உன்னால் ஊகிக்க முடியும், அவன் உன் பிள்ளை மாதிரி. அவனே பிரேமைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், யாரும் கேட்காமலே சொன்னான்: "ஆன்ட்டி, நான் வேற ஒரு தவளைமீன் கொண்டு வந்து, தொட்டிய பழையபடி செட் பண்ணித் தந்தர்றேங்க. அண்ணன் ஞாபகமா."

"வேணாம் தம்பி. ஹால்ல பவர் பாயின்ட் ஒண்ணுதான் இருக்குது. அடுத்து அது என் பெட்டிக்கு வேணும்."

அவளே முதலில் சிரித்தாள். பிறகு கூட்டம் சிரித்தது, சாமியார்கூட. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின் வரிசையில் ஒருவர், சாப்பாடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மறுநாள் ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். கார்த்திக் குரூப்பில் ஆங்கிலத்தில் ஒரு திருத்தம் போட்டான், யோசித்துத்தான் எழுதியிருந்தான். இணையத்தில் அந்தப் படம் இன்னும் உன் பெயரோடு சுற்றுகிறது. அதை யாராலும் எதுவும் செய்ய முடியாது.

ஒரு வருடமாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்கிறார்கள் என்னிடம். விடவில்லை. இந்த வாரம் முழுக்க என் மனைவியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்ததையெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கும், இன்வெர்ட்டருக்கு எங்கே தண்ணீர் ஊற்ற வேண்டும், என் மாத்திரையில் எது இல்லாமல் இருக்கக் கூடாது. "இன்னிக்கே சாகப்போறீங்களா?" என்கிறாள். "கேளு," என்கிறேன், கோபமாகத்தான். அது அவள்மேல் உள்ள கோபம் இல்லை, உன்மேல் உள்ளது என்று அவளுக்குத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் காட்டும் இடத்தில் குனிந்து பார்க்கிறாள்.